வீட்டிலேயே பாடம் நடத்தலாமா? சித்தூர், திருப்பதி கிறிஸ்தவக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்குகள்

திருப்பதி: பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 15 ஆயிரம் ரூபாய் ஒதுக்கும் 'தல்லிகி வந்தனம்' திட்டத்தை ஆந்திர அரசு 2025 ஜூன் 12-ஆம் தேதி தொடங்கியது. இதில் 2 ஆயிரம் ரூபாய் பள்ளிப் பராமரிப்புக்குச் செல்கிறது. எஞ்சிய 13 ஆயிரம் ரூபாய் தகுதியுள்ள தாயின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இதற்கு முன்னோடியான 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9-ஆம் தேதி சித்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு திட்டங்களுக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றே: குழந்தையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

எனவே, மூன்று குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் தாய் ஒருவர் ஆண்டுக்கு 39 ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுக்க நேரிடும். தாய்க்கு வணக்கம் என்று பெயர் சூட்டப்பட்ட திட்டம், காலை முதல் மாலை வரை தானே ஆசிரியையாக நிற்கும் தாயைக் கணக்கில் கொள்வதில்லை. அரசின் நோக்கில் இதில் முரண்பாடு ஏதுமில்லை. குழந்தைகளைப் பள்ளிக்கு வரவழைப்பதற்காகவே அந்தத் தொகை வழங்கப்படுகிறது.

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் வீட்டுக்கல்வியை நாடும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு இந்தத் தொகை முதல் கணக்கு மட்டுமே. சட்டம், சான்றிதழ், தாயின் நேரம், கணவன் மனைவி உறவு என அடுத்தடுத்த கணக்குகள் காத்திருக்கின்றன. அவற்றில் கடைசியாகச் சொல்லப்பட்டதே பெரும்பாலும் கடைசியாக யோசிக்கப்படுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என அதன் 10-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அந்தக் கடமையை நிறைவேற்றாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் குறிப்பிடவில்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியாவில் வீட்டுக்கல்வி இயங்கி வருகிறது. அதை வெளிப்படையாகத் தடை செய்யும் விதியும் இல்லை. வெளிப்படையாக அங்கீகரிக்கும் விதியும் இல்லை.

பெற்றோர் அதிகம் கவனிக்காத ஆபத்து வேறொரு பிரிவில் உள்ளது. அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் பள்ளி நடத்துவதை 18-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் நடத்துவது ஒன்று. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, சபைக் கூடத்தில் சம்பளத்துக்கு ஆசிரியரை அமர்த்தி, கட்டணம் வசூலித்து நாள்தோறும் வகுப்பு நடத்துவது முற்றிலும் வேறு. இரண்டாவதை அதிகாரிகள் அங்கீகாரமற்ற பள்ளி என்று கருதினால், போதகரும் சபைக் கமிட்டியும் பதில் சொல்ல வேண்டிய நிலை ஏற்படும். நல்ல நோக்கத்துடன் தொடங்கப்பட்டது என்பது அபராதத்துக்கு விலக்கு ஆகாது.

விசுவாசத்துக்காகப் பள்ளியை விட வேண்டுமா?

வீட்டுக்கல்வியை ஆதரிக்கும் கிறிஸ்தவர்கள் பொதுவாக மூன்று வேதப் பகுதிகளைச் சுட்டுகின்றனர். கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரம் முதலாவது. பிள்ளையை நடக்க வேண்டிய வழியில் பழக்கச் சொல்லும் நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம் இரண்டாவது. எபேசியர் 6-ஆம் அதிகாரம் மூன்றாவது. இவற்றில் எதுவும் கணிதத்தையும் அறிவியலையும் வீட்டில்தான் கற்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எபேசியரில் பிள்ளை வளர்ப்பு குறித்த அறிவுரை தகப்பன்மாரை விளித்தே எழுதப்பட்டுள்ளது. நடைமுறையிலோ வீட்டுக்கல்வியின் பாரம் ஏறக்குறைய முழுவதும் தாய்மாரின் தோளில் விழுகிறது.

திருப்பதி கோயில் நகரம். திருமலை திருப்பதி தேவஸ்தானமே பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்துகிறது. பள்ளி விழாக்களிலும் பூஜைகளிலும் தங்கள் பிள்ளைகள் எவ்வாறு நடந்துகொள்வார்கள் என்ற தயக்கம் சில கிறிஸ்தவப் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. அந்தத் தயக்கத்துக்கு அரசியலமைப்பிலேயே ஒரு பதில் உண்டு. அரசு அங்கீகாரம் அல்லது நிதியுதவி பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோரின் சம்மதமின்றிச் சிறார் எவரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது என்கிறது 28-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு.

உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டிய வழக்கு ஒன்றைச் சந்தித்துள்ளது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர்; ஆனால் தங்கள் நம்பிக்கையின் காரணமாக உடன் பாடவில்லை. 1985-இல் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு பிஜோ இம்மானுவேல் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. ஆகவே, மனசாட்சியைக் காக்க வேண்டும் என்பது மட்டுமே காரணமானால், பள்ளியை விட்டு வெளியேறுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் கொடுத்துப் பார்ப்பது எளிய வழி.

வெளிநாட்டு நிலைமையும் ஒரே மாதிரியாக இல்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். ஜெர்மனியில் அதற்கு இடமில்லை. அங்கு மத நம்பிக்கையைக் காரணம் காட்டி வீட்டுக்கல்வி கோரிய கிறிஸ்தவப் பெற்றோரின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது. இணையத்தில் அமெரிக்கத் தாய்மார்களின் காணொளிகளைப் பார்த்து உற்சாகம் அடைவோர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் சட்டப் பாதுகாப்பு இங்கு இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளி கட்டிய சபைகள், பிரிந்து போன பிள்ளைகள்

சித்தூர் வட்டாரக் கிறிஸ்தவ வரலாறு இந்த விவாதத்துக்கு எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. 1911-இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-இல் நிறுவிய ஆற்காடு மிஷன், வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர், மதனப்பள்ளி எனத் தமிழும் தெலுங்கும் கலந்த இந்தப் பரப்பில் சபைகளையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் எழுப்பியது. தலைமுறைகளாக எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த பல குடும்பங்களுக்கு மிஷன் பள்ளியே முதல் பள்ளி. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று, பள்ளி வேண்டாம், வீடே போதும் என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் திகைப்பது நியாயமே. அவர்கள் பட்ட பாடு பள்ளிக்குள் நுழைவதற்காக.

அந்த மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தாயிடம் வீட்டில் பாடம் கற்பது அல்லது கடல் கடந்து தாய்நாட்டுக்கு அனுப்பப்படுவது என்பதே அந்நாளைய மிஷனரி வீடுகளின் வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பெற்றோர் இந்தியப் பணிக்குத் திரும்பியபோது, சிறுமியான அவர் அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். ஊழியமும் குடும்பமும் ஒன்றோடொன்று மோதியபோது, விலை கொடுத்தது குழந்தை.

இந்தப் பிரிவுகளுக்கு ஒரு முடிவு காண வேண்டும் என்ற எண்ணமே கொடைக்கானலில் பள்ளி தோன்றுவதற்குக் காரணமாயிற்று. மகனைக் காண வந்த மார்கரெட் எட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி, 1901-இல் 13 மாணவர்களுடன் அங்கு வகுப்புகளைத் தொடங்கினார். ஹைகிளர்க் என்று அழைக்கப்பட்ட அப்பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அதாவது, வீட்டில் கற்பித்துக் களைத்துப்போன, அல்லது பிள்ளைகளைக் கப்பலேற்ற மனம் வராத கிறிஸ்தவத் தாய்மார்கள் கண்ட தீர்வும் ஒரு பள்ளிதான்.

தாயின் நாள் எத்தனை மணி நேரம்?

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் அதில் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இதன் மேல் மூன்று மணி நேரக் கற்பித்தலைச் சேர்த்தால், பெண்ணின் வேலை எட்டு மணி நேரத்தை நெருங்குகிறது. துணி மடிப்பதும் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தலில் கடன் வாங்குவதை விளக்கும்போது அடுப்பில் சாம்பார் பொங்கினால், இரண்டில் ஒன்று கெடும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் கேட்கிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அது 220 நாள்களாகவும் 1,000 மணி நேரமாகவும் உயர்கிறது. ஆசிரியர் ஒருவர் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்கிறது அதே அட்டவணை. 40 பேர் கொண்ட வகுப்பை விட ஒற்றைப் பிள்ளைக்குக் குறைந்த நேரம் போதும் என்பது சரியே. ஆனால், தயாரிப்பு நேரம் குறைவதில்லை. வீட்டுக்கல்வித் திட்டம் தீட்டும் தம்பதியர் பெரும்பாலும் மறப்பது இந்தத் தயாரிப்பு நேரத்தைத்தான்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருவரே கையாள்வதற்கு விடை, சித்தூர்க்காரர்களுக்கு அருகிலேயே உள்ளது. மதனப்பள்ளி அருகே, முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரிஷிவேலி பள்ளத்தாக்கின் கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பலவகுப்புக் கற்பித்தல் முறையை உருவாக்கியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி போல வரிசைப்படுத்தப்படும். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏறும். ஆசிரியர் எந்தக் குழந்தைக்குத் தேவையோ அதன் அருகில் அமர்வார். தமிழகத்தின் செயல்வழிக் கற்றலுக்கும் இந்த முறையே தூண்டுகோல். அது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல என்றாலும், மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கால அட்டவணை போட்டுத் திணறும் தாய்க்கு, அமெரிக்காவிலிருந்து வரும் பாடக் கட்டுகளை விட இந்த ஏணி கூடுதலாக உதவும். வேதப் பாடம், கதை, பாட்டு, வரலாறு ஆகியவற்றை எல்லாருக்கும் ஒன்றாக நடத்தலாம்; கணக்கையும் மொழியையும் மட்டும் தனித்தனியே பார்த்தால் போதும்.

மொழி இங்கு தனிச் சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடநூலில் ஆங்கிலம் என்பது சித்தூரின் அன்றாடம். டெக்சாஸில் 1970-இல் உருவான ஏ.சி.இ. போன்ற கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் அமெரிக்க ஆங்கிலத்தில், அமெரிக்க வரலாற்றோடு அமைந்தவை. அவற்றை மட்டும் கற்ற பிள்ளை, சபையில் தெலுங்கு வேதாகமத்தையோ தமிழ் வேதாகமத்தையோ சரளமாக வாசிக்க முடியாமல் நின்றால், விசுவாசத்துக்காக எடுத்த முடிவு விசுவாச சமூகத்திலிருந்தே பிள்ளையை விலக்கியதாக ஆகிவிடும்.

கணவன் மனைவிக்கு இடையே

வீடே பள்ளியாகும்போது, பள்ளி முடியும் மணி அடிப்பதில்லை. கணவர் மாலையில் வீடு திரும்பியதும், பெரியவன் இன்று எழுதவே இல்லை என்பதுதான் முதல் வார்த்தையாக அமைகிறது. அவர் அதை மனைவியின் சோர்வாகக் கேட்காமல், ஆசிரியையின் அறிக்கையாகக் கேட்டு, இப்படிச் செய்திருக்கலாமே என்று யோசனை சொன்னால், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். குடும்ப ஜெபமும் தப்புவதில்லை. படிக்காத பிள்ளையை ஜெபத்தின் வழியாகக் கண்டிக்கும் பழக்கம் நுழைந்தால், அந்தப் பிள்ளைக்கு ஜெப வேளை மதிப்பெண் பட்டியல் வாசிக்கும் வேளையாக மாறும். பாடத்தில் தோற்ற நாளிலும் ஜெபத்தில் நிம்மதியாக உட்காரும் உரிமை பிள்ளைக்கு வேண்டும்.

எனவே தொடங்குமுன் தம்பதியர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. கணவர் எந்தப் பாடத்தை எடுப்பார், வாரத்தில் எந்த நாள்களில் எடுப்பார் என்பது முதலில். உதவுவேன் என்பது போதாது. உதவி என்ற சொல்லே வேலை மற்றவருடையது என்பதை ஒப்புக்கொள்கிறது. மனைவி விட்ட வேலையின் சம்பளம் இல்லாமல் வீட்டுச் செலவு எப்படி ஓடும் என்பது அடுத்தது. கர்ப்பம், நோய், மாமனார் மாமியாரைப் பராமரித்தல் என ஏதேனும் வந்தால் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு, பேரன் எந்தப் பள்ளி என்று கேட்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால், அந்தப் பதிலை ஒவ்வொரு வாரமும் மனைவி மட்டுமே சொல்ல நேர்ந்தால் அது சிறியதல்ல.

ஒருவர் விரும்பாத நிலையில் மற்றவர் வற்புறுத்தித் தொடங்குவது தவிர்க்கப்பட வேண்டும். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், திருமண வழக்குகளில் சிறாரின் பொறுப்பு, பராமரிப்பு ஆகியவற்றோடு கல்வி குறித்தும் உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. உறவு கசந்து வழக்கு வரை சென்றால், பதிவேடு ஏதுமில்லாத வீட்டுப் பாடமே வாதத்தின் மையப்பொருளாகக் கூடும்.

சான்றிதழுக்கு வழி

எந்தப் பாடநூலைப் படித்தாலும், அதை முடிப்பது மட்டும் 10-ஆம் வகுப்புச் சான்றிதழ் ஆகாது. மும்பையைச் சேர்ந்த மாணவி ஒருவர் சர்வதேசக் கணினி ஒலிம்பியாட் போட்டிகளில் மூன்று பதக்கங்கள் வென்று, 10, 12-ஆம் வகுப்புச் சான்றிதழ்கள் இன்றியே 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். ஐ.ஐ.டி.க்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சென்னைக் கணிதக் கழகம் அவரைப் படிக்க அனுமதித்தது. அத்தகைய திறமையாளருக்கே இந்த நிலை எனில், மற்றவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் தேவை.

அதற்குரிய நேர்வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் 10-ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். முன்பு பள்ளியில் பயிலாதவர்கள், இப்படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகத் தாமே உறுதிமொழி அளித்தால் போதும். குறைந்தது ஐந்து பாடங்கள் தேவை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகவும் தேர்ச்சி பெறலாம். தமிழும் தெலுங்கும் மொழிப் பாடங்களாக உள்ளன. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகரான தொடக்கநிலைப் படிப்புகளையும் அந்நிறுவனம் நடத்துகிறது.

ஆந்திராவில் மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் உள்ளூர் மாணவர்களுக்கு 85 சதவீத இடங்களை ஒதுக்கும் 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, சித்தூர் பகுதியை ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரத்தில் சேர்த்தது. அங்கு தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பயின்றதற்கான பள்ளிச் சான்றுகளே வழக்கமான ஆதாரம். அந்தக் காலத்தில் கல்வி நிலையம் எதிலும் பயிலாதவர், தகுதித் தேர்வுக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அவ்வட்டாரத்தில் வசித்ததை நிரூபித்து உள்ளூர் தகுதி பெற அந்த ஆணை வழிவிடுகிறது. வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு இது பெரும் ஆதரவு. ஆனால், 10 வயதிலிருந்தே வசிப்பிட ஆவணங்களைச் சேர்த்து வைக்காவிட்டால், 17 வயதில் தாசில்தார் அலுவலகத்தில் அலைய வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் ஆண்டில் நடைமுறையில் உள்ள விதியையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எல்லை தாண்டி வேலூரில் வசிக்கும் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. தமிழக மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். வீட்டில் கற்பிக்கும் முடிவு, அந்த வாய்ப்பையும் சேர்த்தே மூடுகிறது.

திரும்பிச் செல்ல முடியுமா?

முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, இதுவரை பள்ளிக்குச் செல்லாத குழந்தையையும் அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். மற்ற மாணவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அக்குழந்தைக்கு உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, கல்வியாண்டின் நடுவில் வந்ததற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என 14, 15-ஆவது பிரிவுகள் கூறுகின்றன. வீட்டில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள், மாதவாரிப் பாடக் குறிப்புகள், ஆதார், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தால் சேர்க்கை நாளில் வேலை எளிதாகும். பள்ளியில் பெயர் பதிவாகி, வருகையும் வருமானத் தகுதியும் சரியாக இருந்தால், 13 ஆயிரம் ரூபாய்க்கும் தாய் உரிமை கோரலாம்.